கடல் எந்தப் பக்கம்?

அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டியவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான், அவள் கணவனின் தம்பி. ஆனால் அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டே பெட்ரோல் பங்க் ஆட்களிலிருந்து டயர்க் கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அண்ணி வேன் ஓட்டுவாள். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் பேசுவான். நகரத்தின் எல்லையிலிருந்து கடலோரமாக ஆறு மீனவக் கிராமங்கள், காலையில் கிளம்பினால் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பிவிடலாம். இதுதான் அவர்களுடைய புதுத் தொழில். அன்றைக்கு அதற்குப் பரீட்சை. பெரிய ஓட்டல் ஒன்றின் மேலாளர் அம்மாள், தன் விருந்தாளிகள் எட்டுப் பேரோடு தானும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிடித்துப்போனால் சனிக்கிழமைதோறும் ஓட்டல் ஆட்கள் இந்த வேனில்தான் வருவார்கள். பிடிக்காவிட்டால் வேன் மறுபடியும் ஜவுளி மூட்டை ஏற்றப் போகும் என்று அண்ணியின் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

கொழுந்தன் இரண்டு மாதமாகத் தயாராகியிருந்தான். எந்த ஊரில் எத்தனை படகு, எந்தத் தூணுக்கு எத்தனை அடி உயரம் என்று பதினாலு பக்கம் எழுதி, கமா கூட விடாமல் நெட்டுருப் போட்டிருந்தான். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் ஒப்பிப்பான். ஒரு தடவை ஒப்பித்தும் இருக்கிறான். அன்றைக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் அண்ணன்.

முதல் ஊர் வருவதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று அண்ணிக்குப் பட்டது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் எல்லோரும் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். "இப்போது நீங்கள் காண்பது நீலக் கடல்" என்று கொழுந்தன் குழைந்துகொண்டிருந்தான். அவர்கள் கண்டது ஐஸ் பெட்டி ஏற்றிய லாரி. அது போனதும் இன்னொரு லாரி. கடல் எதிர்த்தடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. நகரச் சந்தைக்கு மீன் வரும் நேரம் அது. மேலாளர் அம்மாள் குறிப்பேட்டில் என்னமோ எழுதினாள்.

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது தடவையாவது இந்தப் பாதையில் ஒத்திகை ஓட்டியிருப்பாள். இருபது தடவையும் இரண்டு பேரும் முன் இருக்கையில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். முன் கண்ணாடி முழுக்கக் கடல். பின் இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு என்ன தெரியும் என்று ஒரு நாளும் ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

நாற்சந்தி வந்தது. யோசிக்க அரை நிமிஷம்கூட இல்லை. அண்ணி இண்டிகேட்டரைப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, உள்சாலையில் வண்டியைத் திருப்பினாள்.

கொழுந்தன் மைக்கை மூடிக்கொண்டான். "அண்ணி, வழி அது இல்லை."

"தெரியும். கடைசி ஊருக்குக் குறுக்கே போயிடறேன். அங்கேயிருந்து கடலோரமாத் திரும்பி வரலாம். நம்ம தடம் கடலை ஒட்டியே இருக்கும், நடுவுல ஒரு ஈ குறுக்கே வராது."

"நான் முதல் ஊர்ல இருந்துதானே மனப்பாடம் பண்ணியிருக்கேன்?"

"அதனால ஊரெல்லாம் இடம் மாறி உட்காருமா?"

பயணிகளிடம் அவளே சத்தமாகச் சொன்னாள்: கால் மணி நேரம் வயல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் கடலை விட்டு வண்டி நகராது.

சொன்னபடியே கடைசி ஊரின் கலங்கரை விளக்கத்தடியில் போய் நிறுத்தினாள். கொழுந்தன் மைக்கைப் பிடித்தான். அவன் தாளில் கலங்கரை விளக்கம் பதினாலாம் பக்கம். வாய் தன் பாட்டுக்குப் பேசியது: "இத்துடன் நமது பயணம் இனிதே நிறைவடைகிறது. உடைமைகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளவும்." முன் வரிசைப் பெரியவர் ஒருவர் நிஜமாகவே பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். வேன் சிரித்தது. கொழுந்தனின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

பெரியவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு அண்ணி மெதுவாக நகர்த்தினாள். இப்போது ஜன்னலுக்குக் கீழேயே அலை அடித்தது. எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். கொழுந்தன் மட்டும் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி," என்றாள், மைக்கில் விழும்படி. "அந்தப் படகு ஏன் பாதி பச்சை, பாதி மஞ்சளா இருக்கு?"

அது பதினாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் ஒத்திகைக்கு வந்த நாளெல்லாம் அந்தப் படகுக்காரர்களோடு உட்கார்ந்து வாயடித்தவன் அவன். "அண்ணன் தம்பி பாகம் பிரிச்சாங்க அண்ணி. படகை வெட்ட முடியலை, பெயின்டைப் பிரிச்சுக்கிட்டாங்க."

"கடலுக்குப் போறப்ப?"

"ஒண்ணாத்தான் போவாங்க. அவங்கவங்க நிறத்துலதான் உட்காருவாங்க."

பின்னால் சிரிப்பு வெடித்தது. தம்பிக்கு எந்த நிறம் என்று பெரியவர் கேட்டார். அதற்கப்புறம் அண்ணி கேட்க வேண்டியிருக்கவில்லை, வேனே கேட்டது. வலை காயப்போடும் சுவர், ஐஸ் உடைக்கும் கொட்டகை, படகுப் பட்டறை என்று ஊர் ஊராகக் கொழுந்தன் பொளந்து கட்டினான். காகிதம் எப்போதோ காலடிக்குப் போய்விட்டது. மேலாளர் அம்மாள் குறிப்பேட்டை மூடிவிட்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

ஓட்டல் வாசலில் எல்லோரும் இறங்கினபின் அவள் மட்டும் நின்றாள். நன்றாக இருந்தது என்றாள். ஒரே ஒரு சங்கடம். கொழுந்தன் முன்பே கொடுத்திருந்த பயணத் தாளை நம்பி, அதே வரிசையில் அச்சடித்து அறைக்கு அறை வைத்தாகிவிட்டது.

"சனிக்கிழமை தாள்ல இருக்கிற மாதிரியே போயிடுங்களேன்?"

"முடியாதுங்க," என்றாள் அண்ணி. "போகும்போது நீங்க பார்த்தது லாரி. வரும்போது பார்த்தது கடல். லாரியைக் காட்ட நான் யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

மேலாளர் அம்மாள் கொழுந்தனைப் பார்த்தாள், நீயாவது சொல்லேன் என்பது போல.

"அந்தத் தாளை எழுதினவன் நான்தாங்க," என்றான் அவன். "முன் சீட்டுல உட்கார்ந்து எழுதிட்டேன். தப்பு என்னோடது. அண்ணி சொல்றதுதான் வழி."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். தாளை மாற்றிக்கொள்கிறோம், சனிக்கிழமை பன்னிரண்டு பேர் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அண்ணி சாவியைக் கொழுந்தனிடம் நீட்டினாள். "நாளைக்கு நீ ஓட்டு. நான் பின்னாடி ஒவ்வொரு சீட்டா உட்கார்ந்து பார்த்துட்டு வரணும்."

"நான் ஓட்டினா நீங்க கடலைப் பார்க்க மாட்டீங்க அண்ணி," என்றான் அவன். "ரோட்டைத்தான் பார்ப்பீங்க."