கீழே இருக்கும் எண்

சனிக்கிழமை காலை எங்கள் தெருவில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். கிராம நர்ஸ் மார்த்தாள் ஒவ்வொருவர் விரலிலும் ஆக்ஸிமீட்டர் கிளிப்பை மாட்டி, அதில் மேலும் கீழுமாகத் தெரியும் இரண்டு எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் எழுதுவதை நிறுத்தினார். கிளிப்பைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டினார். நாடித்துடிப்பு நாற்பத்தெட்டு.

மயக்கம் வருமா, நெஞ்சை அடைக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். எதற்கும் திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிடச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கேட்காமல் இருக்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

முகாமுக்குக் கொடுத்த நாற்காலிகளை வாங்கிக்கொண்டு நான் வீடு திரும்புவதற்குள் என் ஷூவும் ஹால் டிக்கெட்டும் காணாமல் போயிருந்தன. திங்கட்கிழமை காலை காஞ்சிபுரம் மைதானத்தில் எனக்குப் பெண் காவலர் தேர்வு ஓட்டம். எழுத்துத் தேர்வு தேறியாயிற்று. நானூறு மீட்டர்தான் மிச்சம். போன முறை நான் தோற்றது அந்த நானூறு மீட்டரில்தான்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அந்த நம்பரு ஏறட்டும். அப்புறம் ஓடு."

"ஓடறதாலதான்மா கொறைஞ்சிக்கீது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

நான் சொன்னது உண்மை. ஆனால் அதைவிட மோசமான ஒன்றை நான் சொல்லியிருக்க முடியாது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அப்பாவை ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலேயே படுக்க வைத்திருந்தோம். உள்ளே கட்டில் இல்லை. யாரோ கொடுத்த இதே மாதிரிக் கிளிப் அவர் விரலில் இருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டு. எழுபத்தொன்பது. எழுபத்தொன்று. அதன் பிறகு இரண்டு கோடுகள். அந்தக் கிளிப்பில் எண் இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்குப் பயிற்சி கொடுக்கும் கிருஷ்ணசாமி மாஸ்டருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். ஓடுகிறவர்களுக்கு இதயம் பலப்படும், ஒரே துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளும், அதனால் அடிக்கடி துடிக்க வேண்டியிருக்காது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அம்மா கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஓட வைக்கிறவர் வேறு என்ன சொல்வார் என்றாள்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பதினாறு மாதமாக, எழுந்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டைப் பிடித்து எண்ணி எழுதியது. முதல் நாள் எழுபத்தெட்டு. அந்த மாதம் முழுக்க கெண்டைக்கால் கல்லாகி, மாடியே இல்லாத ஊரில் வாசற்படி இறங்க அழுதேன். ஏரிக்கரையில் ஒரு ஓட்டம் ஓடினால் மூச்சு அடங்கப் பத்து நிமிடம் ஆகும். மூன்றாவது மாதம் வலி போனது. போன நாள் தெரியவில்லை, இல்லை என்பது மட்டும் ஒருநாள் தெரிந்தது. எழுபது. அறுபத்துமூன்று. பசி மாறியது, தூக்கம் மாறியது, வியர்வை சீக்கிரம் வந்தது. ஐம்பத்தைந்து. இந்த மாதம் நாற்பத்தாறு. உடம்பு என்னைக் கேட்காமலே உள்ளே எதையோ மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் படுத்துக்கொண்டு என் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டேன். ஒரு துடிப்பு. பிறகு வெறுமை. அவ்வளவு நாளும் அந்த இடைவெளி எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது ஒவ்வொரு முறையும், அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். அம்மா சொல்வது சரியாக இருந்தால்?

ஞாயிறு காலை வெறுங்காலோடு ஏரிக்கரைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். கையில் மார்த்தாளின் கிளிப். வீடு தேடிப்போய் இரவல் வாங்கி வந்திருக்கிறாள்.

"ஓடு. நான் பாக்கறேன். நம்பரு எறங்கிச்சின்னா அந்தச் சீட்டு அடுப்புக்குத்தான்."

சீட்டை எரித்தால் கம்ப்யூட்டர் கடையில் வேறு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மாவை மீறி எடுத்த காகிதத்தோடு நான் எங்கே ஓடுவேன்? ஓடினால் எண் ஏறும். நின்றால் இறங்கும். பழகிய உடம்பில் வேகமாகவே இறங்கும். அதை அவள் கண்ணெதிரில் செய்து காட்டத்தான் போகிறேன்.

ஏரி நிரம்பினால் வழியும் கலங்கலிலிருந்து மதகு வரை போய்த் திரும்பினால் நானூறு மீட்டர். ஓடினேன். சரளைக்கல் குத்தியதும் தெரியவில்லை. வந்து நின்றதும் அம்மா என் விரலை இழுத்துக் கிளிப்பில் சொருகினாள். நூற்று எழுபத்தாறு.

"ஏறிக்கீது," என்றாள். முகம் தெளிந்தது.

பிறகு இறங்க ஆரம்பித்தது. நூற்று அறுபது. நூற்று நாற்பத்திரண்டு. அம்மாவின் பிடி இறுகியது. நூற்றுப் பதினைந்து. எனக்கு அந்த ஆட்டோ தெரிந்தது. அவள் இப்போது எங்கே நிற்கிறாள் என்று புரிந்தது.

கிளிப்பின் கீழ்ப்பாதியைக் கட்டை விரலால் மறைத்தேன்.

"மா. அப்பாவுக்கு எறங்குனது மேல இருக்கிற நம்பரு. அது மூச்சு. இப்ப மேல இன்னா கீது, படி."

பஸ் எண் படிக்கிற அளவுக்கு அவளுக்கு எண் தெரியும். வெகுநேரம் பார்த்தாள்.

"தொண்ணூத்தெட்டு."

"பாத்துக்கினே இரு."

பார்த்தாள். தண்ணீரில் ஒரு நாரை இறங்கி, நின்று, மறுபடி கிளம்பிப் போனது. மேல் எண் தொண்ணூற்றேழானது, மறுபடி தொண்ணூற்றெட்டானது. நான் விரலை எடுத்தேன். கீழே எழுபத்தொன்று என்றிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது. ஆனால் கண் மேலே போய், அங்கேயே நின்றது.

"உங்கப்பாவுக்கு எழுவத்தொண்ணு மேல இருந்திச்சி," என்றாள், தனக்கே சொல்வதுபோல்.

"ஆமா."

கிளிப்பைக் கழற்றி அவள் விரலில் மாட்டினேன். வேண்டாமென்று கையை இழுத்தாள், நான் விடவில்லை. மேலே தொண்ணூற்றெட்டு. கீழே நூற்றுப் பன்னிரண்டு. ஓர் அடிகூட ஓடாதவளுக்கு.

அந்த எண் இறங்கும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். நேரம் பிடித்தது. எண்பத்தாறுக்கு வந்ததும் அவளே கழற்றி மடியில் முடிந்துகொண்டாள்.

"ஷூ அரிசி டின்ல கீது. சீட்டும் அதுலதான்," என்றாள். "மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

சொன்னேன். ஓட்டம் முடிந்ததும் ஈசிஜி எடுத்துவிடலாம் என்றேன். அவள் எழுந்து முன்னால் நடந்தாள். என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, கரையின் நடுவே கல் இல்லாத தடத்தை எனக்கு விட்டு ஓரமாகப் போனாள்.