மூன்றாம் நம்பர் ஸ்டிக்கர்

என் கணவருக்கு ஒழுங்குதான் உயிர். கைக்குட்டையைக்கூட விளிம்போடு விளிம்பு சேர்த்துத்தான் மடிப்பார். அப்படிப்பட்டவர் என் கம்ப்யூட்டரில் புது கிராஃபிக்ஸ் கார்டைத் தன் கையாலேயே மாட்டினார். நான் செய்யும் அனிமேஷன் தடங்கலில்லாமல் ஓடவேண்டும் என்று ஆசையாக வாங்கி வந்த கார்டு. மாட்டிய பிறகும் பேஸ்ட் விளம்பரத்துக்காக நான் வரைந்த பிரஷ் திரையில் ஆடவில்லை, விக்கி விக்கி நின்றது.

பேஸ்ட் கம்பெனி மேனேஜர் மாலையில் வீட்டுக்கே வந்து படம் பார்க்கப் போகிறார். பிடித்துவிட்டால் வருடம் முழுக்க அவர்கள் விளம்பரம் எனக்குத்தான். பிரஷ் இப்படி விக்கினால் வந்த வழியே போய்விடுவார்.

"கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான். உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வரேன்" என்று சட்டையை மாட்டினார்.

"நீங்க மாட்டின லட்சணத்தை முதல்ல பாருங்க."

"நானா? ஒவ்வொரு ஒயருக்கும் ஓட்டைக்கும் நம்பர் ஒட்டி, கழட்டினதை அப்படியே திருப்பிச் சொருகியிருக்கேன். இம்மி பிசகாது."

பிசகமாட்டார் என்பதுதான் இன்னும் எரிச்சல். சர்வர்களோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பாக உள்ள அக்காவுக்குப் போன் போட்டேன். விண்டோஸை விட்டு எனக்கு லினக்ஸ் பைத்தியம் பிடிக்க வைத்தவளே அவள்தான்.

"டெர்மினல்ல lspci-ன்னு அடிடீ, உள்ள என்னென்ன மாட்டியிருக்குன்னு அது சொல்லும். VGA-ன்னு வர்ற வரியை மட்டும் படி."

கடகடவென்று வரிகள் வந்து விழுந்தன. "ரெண்டு இருக்குக்கா. ஒண்ணு போர்டோடயே வந்த பழசு. இன்னொண்ணு... அட, புது கார்டு பேரே வருது!"

"அப்ப கடைக்காரர் நல்லவர். மாப்பிள்ளையைச் சட்டையைக் கழட்டச் சொல்லு."

அடுத்து அவள் சொன்ன நீளமான கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தேன். திரையின் ஒயர் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்தது. புது கார்டின் ஓட்டைகள் எல்லாமே காலி. திரை இன்னும் பழையதில்தான் இருந்தது. போனில் அக்கா சிரித்த சிரிப்பு அவருக்கும் கேட்டது.

டார்ச்சோடு மேஜைக்கடியில் புகுந்தார். திரையின் ஒயரில் மூன்று. பழைய ஓட்டையிலும் மூன்று. புது கார்டின் ஓட்டைகளில் நம்பர் இல்லை என்பதால் ஐயா அந்தப் பக்கமே போகவில்லை!

"ஏங்க, ஒரு தடவையாவது வேலையை ஏனோதானோன்னு செஞ்சிருக்கக் கூடாதா?"

ஒயரை மாற்றிச் செருகினார், மறுபடி ஆன் செய்தேன். பிரஷ் என்னமாய் ஆடியது! அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு வைக்கவும் தோன்றியது. அதற்குள் காலிங்பெல் அடித்துவிட்டது.

மேனேஜர் கண்கொட்டாமல் பார்த்தார். "இன்னொரு தடவை போடுங்க" என்றார். அதுவும் முடிந்ததும், "வருஷம் முழுக்க நீங்களே பண்ணுங்கம்மா" என்றார்.

அப்போது மேஜைக்கடியிலிருந்து டார்ச் வெளிச்சம் மேனேஜரின் ஷூ மேல் விழுந்தது. குனிந்து பார்த்தார். உள்ளே என் கணவர், பழைய ஓட்டையிலிருந்து மூன்றாம் நம்பரைப் பிய்த்துப் புது ஓட்டையில் நேராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அது?"

"எங்க டெக்னிக்கல் டிபார்ட்மெண்ட் சார்" என்றேன்.