பாஞ்சாலையின் தட்டில் மிதந்தது

மேரிசெல்விக்கு வாரத்தில் ஆறு நாள் புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அவள் டீச்சர். மரக்காணத்தில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி, ஜவ்வாது மலையில் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு போன் வழியாக அறிவியல் சொல்லிக்கொடுத்தாள். சம்பளம் கிடையாது. லேபில் கூட வேலை செய்யும் வினோதினிதான், "நீ கெமிஸ்ட்ரி படிச்சவதானே, வாரத்துல ஒரு மணி நேரம் குடுத்தா குறைஞ்சா போயிடுவ?" என்று ஒரு தொண்டு அமைப்பில் சேர்த்துவிட்டிருந்தாள்.

அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். அதன் முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முன்வரிசையில் சின்னப்பாப்பா என்றொரு வாயாடி. எல்லோருக்கும் பின்னால், சுவரோடு சுவராக, பாஞ்சாலை. அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போனதில் இரண்டு வருஷம் படிப்பு விட்டுப்போனவள். கூடப் படிப்பவர்களைவிட ஒரு தலை உயரம் அதிகம். அந்த உயரத்தை ஒளிப்பதற்கென்றே கூனிக் குறுகி உட்கார்வாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்றே மேரிசெல்விக்குத் தெரியாது.

"அந்தப் பொண்ணுக்காக மெனக்கெடாதீங்க மேடம்" என்றார் விடுதிக் காப்பாளர் அப்பாதுரை. "பரீட்சை வரைக்கும்கூட இருக்குமான்னு தெரியல. மறுபடியும் வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. கரைசல்கள் பாடம். வகுப்பு தொடங்கும் நேரத்தில் கரண்ட் போனது. அதோடு வீட்டுக்குள் சிக்னலும் போனது. மேரிசெல்வி போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, வீட்டை ஒட்டிய உப்பளத்து வரப்பில் போய் நின்றாள். அங்கேதான் சிக்னல் நன்றாக எடுக்கும்.

"ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில, இதுக்கு மேல கரைக்க முடியாதுங்கிற அளவுக்கு..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் சின்னப்பாப்பா கத்தினாள்.

"அக்கா! உங்களுக்குப் பின்னால இன்னாக்கா அது? பனியா?"

மேரிசெல்வி திரும்பிப் பார்த்தாள். பாத்திகளின் ஓரத்தில் குவித்து வைத்த உப்பு, சாயங்கால வெயிலில் வெளேரென்று நின்றது. அவள் பிறந்ததிலிருந்து பார்ப்பது. அம்மா அந்தோணியம்மாள் தினமும் வாரிக் குவிப்பது.

"உப்புடி. எங்க ஊரு உப்பு."

போனைத் திருப்பி மெல்லச் சுற்றிக் காட்டினாள். வானத்தை வெட்டி வெட்டித் தரையில் பதித்ததுபோல் பாத்திகள் ஒன்றையடுத்து ஒன்றாய்க் கிடந்தன.   மலைப்பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் கொட்டின. தண்ணியை யார் கொண்டுவந்து ஊத்துறது? அது எங்கே போகுது? உப்பு ஏன் கூடப் போகல?

அன்றைக்குப் புத்தகத்தை அவள் தொடவில்லை. "ஆளுக்கொரு டம்ளர்ல தண்ணி எடுங்க. இனிமே கரையாதுங்கிற வரைக்கும் உப்பு போடுங்க. தெளிஞ்சதும் மேல நிக்கிற தண்ணிய மட்டும் தட்டுல ஊத்தி அப்படியே விட்டுடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஒவ்வொருவராகத் தட்டைக் காட்டினார்கள். எல்லாத் தட்டிலும் அடியோடு ஒட்டிய வெள்ளைப் பொருக்கு. சின்னப்பாப்பா தினமும் பத்து தரம் தட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அவளுடையது வெறும் கூழ். சிரிப்பு அடங்கியபோது பின்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. பிள்ளைகள் விலகி வழி விட்டார்கள். பாஞ்சாலை தட்டைத் துளியும் அசைக்காமல், தண்ணீர் தளும்பாமல், நடந்து வந்தாள். தண்ணீர் மேல் மிதந்த எதையோ கரண்டியால் மெல்ல அள்ளி, வழிந்த நீர் வடியும் வரை காத்திருந்து, ஒரு சிலேட்டில் வைத்து கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

ஒரு சதுரம். மிளகு அளவுகூட இருக்காது. தலைகீழாய்க் கவிழ்த்த கோபுரம்போல, உள்ளே படிப்படியாக இறங்கும் ஒரு சின்னஞ்சிறு குழி. நான்கு பக்கமும் அளந்து வெட்டியது போல இருந்தன.

"அக்கா" என்றாள் பாஞ்சாலை. கனத்த, நிதானமான குரல். "நான் தொடவே இல்ல. யாரும் போகாத மூலையில மூடி வைக்காம வெச்சிருந்தேன். யாரும் செதுக்காம இது எப்படிக்கா சதுரமா வந்துச்சு?"

மேரிசெல்விக்குப் பதில் தெரியும். சோடியமும் குளோரினும் மாறி மாறி வரிசை கட்டும் என்று கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியவள்தான். அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தை தடுமாறியது. கண்ணுக்குத் தெரியாத அத்தனை கோடித் துகளும் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து, ஒன்றுகூட வரிசை தப்பாமல் வந்து நின்றிருக்கின்றன. கரும்புக்காட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு பெண் வைத்த எவர்சில்வர் தட்டில். எழுதிய பதிலை இன்றுதான் கண்ணால் பார்க்கிறாள். 

மறுநாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு உப்பளத்துக்குப் போனாள். வெயில் ஏறிவிட்டது, கடல்காற்று இன்னும் எழவில்லை. பாத்தித் தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. வரப்பில் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்தாள்.

பாத்தி முழுக்க அதே சதுரங்கள் மிதந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெறும் தண்ணீர்மேல் ஒரு புள்ளி பிறந்தது. அது நான்கு பக்கமும் ஓரம் வைத்து வளர்ந்தது. பக்கத்துச் சதுரத்தோடு ஒட்டிக்கொண்டது. கனம் தாங்காமல் சட்டென்று முங்கியது. அந்த இடத்தில் இன்னொரு புள்ளி. இந்தப் பாத்தி, அடுத்த பாத்தி, கண்ணுக்கு எட்டிய மட்டும் எல்லாப் பாத்தியிலும் சத்தமே இல்லாமல் இதுதான் நடந்துகொண்டிருந்தது.

"இன்னாடி தேடுற? கம்மல் வுழுந்துச்சா?" அந்தோணியம்மாள் உப்பை இழுத்துக் குவிக்கும் வாருபலகையோடு வந்து நின்றாள்.

"இங்க பாரும்மா."

"உப்பு பூக்குது. தெனமும் பூக்குறதுதானே."

மேரிசெல்வி ஒரு படம் பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கி நீட்டினாள். அந்தோணியம்மாள் போனை வாங்கி முந்தானையால் நிழல் கட்டிக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"மாதாவே" என்றாள் கடைசியில். "படிக்கட்டு வெச்சுல்ல கட்டியிருக்கு! இதையா நான் வாரி வாரிக் குவிச்சேன்?"

வாருபலகையை வரப்பில் போட்டுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.  காற்று எழுந்து தண்ணீர் சிலிர்க்கும் வரைக்கும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றே மேரிசெல்வி அப்பாதுரைக்குப் படங்களை அனுப்பி, பாஞ்சாலையின் பெற்றோர் நம்பரைக் கேட்டாள். முதலில் தயங்கிய அவர், பிறகு தானே அவர்களை வரவழைத்தார். என்ன பேசினாரோ, பரீட்சை முடியும் வரை மகள் விடுதியிலேயே இருக்கட்டும் என்று சம்மதித்துவிட்டுப் போனார்கள். பாஞ்சாலை பரீட்சை எழுதினாள். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினாள்; அறிவியலில் வகுப்பிலேயே முதலாக வந்தாள்.

பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்த பிறகு முதல் ஞாயிறு. லேப்டாப் முன்னால் நடுவில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் பாஞ்சாலை.

"அக்கா, உப்புக்கு ஒரு வடிவம்னா, எங்க காட்டுத் தேன் உறையும்போது அதுக்கு என்ன வடிவம்?"



"தெரியலடி பாஞ்சாலை" என்றாள் மேரிசெல்வி, சந்தோஷமாக. "நீ ஒரு சொட்டு எடுத்து வை. பார்த்துடுவோம்."