லாரிக்கு ஊற்றிய மல்லாட்டை எண்ணெய்

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது என் லாரி பத்தடியாவது ஓட வேண்டும். ஓடினால் ஒரு வருஷத்துக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று. ஓடாவிட்டால் காயலான் கடை. ஐம்பத்தாறாம் வருஷத்து பெட்ரோல் லாரி அது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத எனக்குச் செஞ்சியில் அதைவிட்டால் வேறு யாரும் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மெக்கானிக் பீர் முகமது பாய் பெட்ரோலிலிருந்து வைத்தியத்தை ஆரம்பித்தார். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களாம், அது பழைய ரப்பர் குழாயைத் தின்றுவிடுமாம். எங்கெங்கோ அலைந்து எத்தனால் இல்லாததை ஒரு கேனில் கொண்டுவந்தார். அந்தக் காலத்து வால்வுக்கு ஈயச்சத்து வேண்டுமென்று ஒரு மூடி அடிட்டிவ், அதற்கு மேல் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில். லாரி இருமியது, நின்றது, மறுபடி இருமியது. ஓடவும் இல்லை, ஒரேயடியாக நிற்கவும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்தாள். எங்கள் தெருவில் யார் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். எந்த ஆசையில் உயிர் நிற்கிறதென்று கண்டுபிடித்து, மண்ணைக் கரைத்தோ பொன்னை உரசியோ வாயில் ஊற்றச் சொல்வாள். ஆளும் நிம்மதியாகப் போய்ச் சேருவார். இந்த லாரி ஆயுசு பூராவும் எதைச் சுமந்தது என்று கேட்டாள். அவலூர்பேட்டைக்கு மல்லாட்டை மூட்டை என்றேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

அவ்வளவுதான். தெருவே கரண்டியோடு வரிசையில் நின்று, டேங்கில் ஆளுக்கொரு கரண்டி மல்லாட்டை எண்ணெய் ஊற்றியது. இருந்த பதற்றத்தில் நானும் ஊற்றினேன். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யக்கா, இது உசுரு போறதுக்குப் பண்ற வைத்தியம். நமக்கு வண்டி பொழைக்கணும்."

"எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். இன்னா பண்ணச் சொல்ற?" என்றாள் அவள்.

அதற்குள் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முறுக்கு சுடும் வாசனையோடு புகையைக் கக்கிக்கொண்டு லாரி கிளம்பியது. பதினோரு அடி போயிற்று. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு அடங்கியது. இன்ஜினுக்குள் ஏதோ முறிந்த சத்தம் எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் கேட்டது. இன்ஸ்பெக்டர் டேப் பிடித்து அளந்து, ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாக்கண்ணு தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள். நான் குதித்து ஓடி அவள் கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் பொறு. சார் ஜீப்பு தெருமுனைய தாண்டட்டும்."

ஜீப் தாண்டியது. அவள் ஆரம்பிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.