கறுக்கப்போகும் ஒட்டு

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வேதியியல். கிடைத்தது கிட்டார் ரிப்பேர் கடையில் வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிகிற நாளன்று அம்மா வாசல் வரை வந்து சொன்னாள்: "இன்னைக்கு ஒரு நாளாவது வாயை மூடிட்டு இருடி." இதற்குமுன் இரண்டு வேலைகளை வாயால் கெடுத்துக்கொண்டவள் நான்.

என் மேசையில் ஒரு மேடைப் பாடகரின் கிட்டார். மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். புதிதில் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு மஞ்சளாகி, தேன் நிறத்துக்கு வரும். இதற்கு வயது முப்பது. மைக் ஸ்டாண்டு விழுந்து ஓட்டை. புது ஸ்ப்ரூஸில் துண்டு வெட்டி, ரேகைக்கு ரேகை பொருத்தி ஒட்டியிருந்தேன். விரலால் தடவினால் தெரியாது. கண்ணுக்குத் தெருமுனையிலிருந்தே தெரியும்.

"சாயம் ஏத்தி பக்கத்து நிறத்துக்குக் கொண்டு வா," என்றார் முதலாளி.

"வேணாம் சார். இன்னைக்குச் சேரும். ஆனா புதுத் துண்டு தானாவே கறுக்கும். அஞ்சு வருஷத்துல சாயமும் சேர்ந்து, பழசைவிட இருட்டா நிக்கும். இப்படியே விட்டா அதுவா வந்து சேர்ந்துக்கும்."

"படிச்ச திமிரு."

"படிக்காட்டியும் கறுக்கும் சார்."

வாயை மூடியிருந்த மொத்த நேரம் நாற்பது நிமிடம்.

வேலை நிரந்தரம் என்ற காகிதத்தை எடுத்து வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. "அவர் வரட்டும். முகம் சுளிச்சார்னா நாளைக்கு நீ வர வேணாம்."

பாடகர் வந்தார். தலைக்கு மை, சட்டைக்குக் கஞ்சி. குனிந்து பார்த்தார். "பொய்ப்பல் வெச்ச மாதிரி இருக்கே." நன்றாகவே சுளித்தார்.

போனது போகட்டும் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கீறல் விழாமலிருக்க மேல்பலகையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தகட்டின் ஓரத்தைத் தூக்கி, வெளிச்சமே படாத மரம் இன்னும் வெளிறிக் கிடப்பதைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதான். சாயமில்லாம நிறம் சேர எத்தனை வருஷம்?"

"பத்து ஆகும்."

"எனக்கு எழுபத்தொண்ணு. சனிக்கிழமை மேடை. சாயம் போடும்மா."

போட்டேன். சீக்கிரம் காயும் ஸ்பிரிட் சாயம், நாலு மெல்லிய பூச்சு. இவ்வளவு சுத்தமாக ஒரு தப்பை நான் செய்ததே இல்லை. பாடகர் ஒட்டிய துண்டைத் தேடினார், கிடைக்கவில்லை. "என் இன்னொரு கிட்டாரையும் இந்தப் பொண்ணுதான் பார்க்கணும்," என்றார். முதலாளி பேனாவைத் திறந்தார்.

செய்த வேலையைக் கிட்டாருக்குள் பென்சிலில் எழுதி வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். நடுத் துளையில் கையை விட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்ன எழுதறே?" என்றார் பாடகர்.

"சாயம் என் யோசனை இல்லைன்னு. பின்னால இதைப் பிரிக்கிறவன் என்னைத் திட்டக் கூடாது."

"யாரைத் திட்டணும்?"

"உங்களை."

"அப்போ என் பேரையும் போடு. திட்டறவன் தேடிட்டுக் கெடக்க வேணாம்."

போட்டேன். முதலாளி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கடைப் பேரை எழுதிடாதே," என்றார்.