நின்ற வேனில் பெங்களூர்ப் பயணம்

ராமப்பனின் வேன், டயர் ஒரு சுற்றும் சுற்றாமல், ஒரு சொட்டு டீசலும் குடிக்காமல், மூன்றே நிமிடத்தில் ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய்வந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடம், பட்டப்பகலில், சத்தியமாக.

அதற்கு முன்பெல்லாம் தினம் இரண்டு நடை. காலையில் கம்பெனிச் சரக்கு. மதியம் வெறும் ஒரு வரைபடச் சுருள். அந்தக் காகிதத்துக்காக எண்பது கிலோமீட்டர். மாநில எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட் லாரி வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவன் முன்னே வருவதற்குள் பேரன் எடுத்துவிடுவான். அந்தப் புகைக்குள் நுழைந்த கொக்கு காக்கையாக வெளியே வரும். ராமப்பனின் முதுகு எப்போதோ செத்துப்போயிருந்தது. தினமும் அதைத் தூக்கி சீட்டில் வைப்பதே பெரும்பாடு.

அப்புறம் இன்டர்நெட் வந்தது. வரைபடம் கம்ப்யூட்டரிலிருந்து போன் லைன் வழியாகவே போனதால் மதிய நடை நின்றது. ராமப்பன் நான்கு நாள் உட்கார்ந்து சாப்பிட்டான். ஆனால் மதியமானால் கரண்ட் போய்விடும். செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி போட்டு அறையைக் குளிரவைத்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொடலாம் என்பது கம்பெனிச் சட்டம். அதற்காக மொத்தக் கம்பெனி ஷெட்டுக்கும் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம் ஓடியது.

"உன் வண்டி எட்டு லிட்டர்தான் குடிச்சுது மாமா. இந்த எருமை இருபது குடிக்குது," என்றான் ஜெனரேட்டர் ஓட்டும் பெரியதம்பி. "நாளையிலருந்து வண்டியவே எடுக்கச் சொல்லிட்டாரு மேனேஜரு."

"ஜெனரேட்டர் இல்லாம அனுப்புனா?" என்றான் ராமப்பன்.

"அனுப்புவ, அனுப்புவ! யாரு காதுல பூ சுத்தற?"

மறுநாள் கரண்ட் போனதும், மைக் செட் வாடகைக்கு விடும் தேவமணியிடம் இரவல் வாங்கிய இன்வர்ட்டரை ராமப்பன் கம்ப்யூட்டர் அறை ஜன்னலோரம் நின்ற வேனின் பேட்டரியில் மாட்டினான். வயர் ஜன்னல் வழியே உள்ளே கம்ப்யூட்டருக்குப் போனது.

"ஏசி இல்லாம சூடாயிடும்ணே," என்று கம்ப்யூட்டர் பார்க்கும் அருள்மேரி பதறினாள்.

"மூணு நிமிஷம்மா. நான் இருபது வருஷமா இன்ஜின் சூடு மேல உக்காந்திருக்கேன், கேட்டியா?"

போன் லைனில் மாட்டிய மோடம் கிறீச்சிட்டு, இழுத்து, அடங்கியது. அருள்மேரி லைனைத் துண்டித்தாள். சற்றைக்கெல்லாம் போன் அடித்தது. பெரியதம்பிதான் எடுத்தான். மறுமுனையில் கன்னடம்: பெங்களூரில் வரைபடம் கிடைத்துவிட்டதாம். கேட்டு முடித்தவன் வெளியே போய் வேனின் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

காலை நடை முடித்து வந்த ராமப்பனுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. வேனில் ஏறி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தான்.

"எறங்கு மாமா, போய்ச் சாப்புடு," என்றான் பெரியதம்பி. "மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். வண்டி நின்ன எடத்துலயே பெங்களூரு போயிட்டு வந்துடுச்சு."