சோதனைத் தடத்தில் உளுந்துச் செடி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. "உங்க தஞ்சாவூர்க்காரங்களுக்கு ரோடு எதுக்குன்னே தெரியாதா?" என்று ஒருத்தர் என்னைக் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்து, வாய் எழும் ஒருத்தியை எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: காவிரி நுங்கும் நுரையுமாக—

அடித்துவிட்டேன். உளுந்து பறிக்கும் பங்குனியில் ஆற்றில் மணல்தான் கிடக்கும்.

2

அவள் செம்மொழி. வீட்டில் முதல் பட்டதாரி. வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்று சென்னைப் பக்கம் நடத்தும் ஆலையில் தரப் பிரிவு இன்ஜினீயர். (இந்த நாடு கார் வாங்குகிற வேகத்துக்கு, அங்கே நிமிஷத்துக்கு ஒரு வண்டி இறங்குகிறது.) அவள் ஊர்ப் பக்கம், தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்திலிருந்து ஒரு புகார் வந்தது. புது வண்டி, அடியில் புகை. சைலன்சர் குழாயில் உளுந்துச் செடி சுற்றிக் கருகியிருந்தது.

மேலாளர் வைத்தியலிங்கம் ஃபைலில் எழுதினார்: வாடிக்கையாளர் தவறு.

"சார், எங்க பக்கம் உளுந்துச் செடியை ரோட்டுலதான் பரப்புவோம். வண்டி ஏறினாத்தான் காய் உடையும்."

"அதைத்தாம்மா நானும் தப்புங்கறேன்."

அந்த ரெண்டு வார்த்தையை ஃபைலிலிருந்து எடுக்காமல் விடுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

(இங்கே அவளைக் கழிவறையில் அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். கிழித்துப் போட்டேன். அழுகிறவள் வேண்டுமென்றால் வேறு கதை பாருங்கள்.)

3

ஊரில் அவள் அம்மா அம்சம், தார்ச்சாலையில் செடியை உதறிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மூட்டை செடி வேணும்மா. கம்பெனிக்கு."

"கார் கம்பெனிக்கு உளுந்து எதுக்குடி? வடை சுடப் போறாங்களா?"

"நான் காரையே சுடப் போறேன்."

"என்னத்தையோ சுடு. உதிர்ற உளுந்தைக் கூட்டி அள்ளிக் கொண்டாந்துடு."

4

ஆலையின் சோதனைத் தடத்தில் ரெண்டு மூட்டையையும் பரப்பினாள். புது வண்டி ஒன்றை அதன்மேல் ஓட்டவிட்டு வீடியோ எடுத்தாள். ஏழாவது சுற்றில் புகை வந்தது. [முதல் சுற்றிலேயே வரவழைத்திருப்பேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.]

5

காணொளிக் கூட்டம். வெளிநாட்டுத் தலைமையகத்து அதிகாரி கேட்டார்: ரோட்டில் பயிரைப் போட வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னால் என்ன?

முடிவு அ: அவள் வேலையை உதறுகிறாள். (எதுக்கு? படிச்சு வாங்கின வேலை.)

முடிவு ஆ: வைத்தியலிங்கம் மனம் மாறி, அவளுக்காக எழுந்து—

உட்காருங்க சார். அவளே பேசுவாள்.

"மழைக்கு ஓட்டிப் பார்த்தீங்க. வெயிலுக்கு, பள்ளத்துக்கு, பனிக்குக்கூட ஓட்டிப் பார்த்தீங்க. எங்க பங்குனி மாசத்துக்கு ஓட்டிப் பார்க்கலை. இது யார் தவறு?"*

அதிகாரி, புகை வந்த அந்த வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னார். கூட்டம் கலைவதற்குள், எல்லா வண்டிக்கும் அடியில் தடுப்புத் தகடு என்று முடிவானது. முதல் தகடு பாபநாசத்துக்கு. இனி உளுந்துத் தடத்தில் ஓடித் தேறாத வண்டி அந்த ஆலையை விட்டு வெளியே போகாது.

வைத்தியலிங்கம் பேனாவை எடுத்தார். 'வாடிக்கையாளர் தவறு' என்பதைத் தன் கையாலேயே அடித்தார். அதற்கு மேலே என்ன எழுதினார்?

எழுதுகிற வேலை உங்களுக்கு. கையெழுத்து மட்டும் அவர் போடட்டும்.

* ஆங்கிலத்தில்தான் கேட்டாள். குரல் நடுங்கவில்லை, அதற்கு நான் பொறுப்பு.